வாடகை வீட்டு வயரிங்: சுவருக்குள் போகிற சல்லி திரும்பி வருமா?

கேள்வி: பண்டாரவளையிலிருந்து ஒருவர், 2025 மார்ச் 2

டவுனுக்குப் பக்கத்தில் பழைய வீடொன்று வாங்கியிருக்கிறேன். மூன்றாகப் பிரித்து வாடகைக்கு விடுகிற எண்ணம். வயரிங் 80களில் போட்டதாம். வயரிங் வேலை செய்கிற பாஸ் வந்து பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் போடணும் என்கிறார். என் கணக்கு வேறு. கரண்ட் வேலைக்குப் போடுகிற சல்லி சுவருக்குள் போய் மறைந்துவிடும். வாடகைக்கு வருகிறவன் டைல்ஸைப் பார்ப்பான், பாத்ரூமைப் பார்ப்பான், வயரை எவன் பார்க்கிறான்? ஒரு ட்ரிப் சுவிட்சும் போட்டு, உடைந்த பிளக் பொயின்ட்களையும் மாற்றிவிட்டால் போதாதா?

பதில்: ஹட்டனில் வீடு வாடகைக்கு விடுகிற ஒருவர், மார்ச் 3

பாத்ரூமைப் பார்ப்பான் என்று நீங்களே சொல்கிறீர்கள். நம்ம மலைநாட்டுக் குளிரில் பாத்ரூமைப் பார்க்கிறவன் அடுத்துக் கேட்பது "சுடுதண்ணி வருமா?" அதற்குப் பதில் வயரில்தான் இருக்கிறது. கடையில் விற்கிற இன்ஸ்டன்ட் ஷவர்கள் பெரும்பாலும் 3.5 கிலோவாட்டிலிருந்து 5.5 வரை. 4.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 20 ஆம்பியர். 80களில் உங்கள் வீட்டுக்கு வயர் இழுத்தவர் நினைத்தது நாலு பல்பு, ஒரு ரேடியோ, ஞாயிற்றுக்கிழமை ஒரு அயன்.

ஹட்டனில் எனக்கு ஒரு மாடி வீடு இருக்கிறது. கீழே ஒரு குடும்பம், மேலே போர்டிங் அறைகள்: டீச்சர்மார், பேங்க்கில் வேலை செய்கிற பையன்கள். சொந்த வீடென்றால் ஹீட்டர் போடும்போது கேத்தலைப் போடாதே என்று வீட்டில் சொல்லி வைக்கலாம். வாடகைக்காரனிடம் அதைச் சொல்ல முடியாது. சொன்னாலும் நீங்கள் போய்ப் பார்க்கப் போவதில்லை. அவன் என்ன சாமான் கொண்டுவருவான் என்று தெரியாமலேயே வயர் போட வேண்டியிருக்கிறது.

ட்ரிப் சுவிட்ச் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். இங்கே கரண்ட் போய்விட்டது, போனில் சார்ஜ் இல்லை.

மார்ச் 4

கரண்ட் போனதற்குக் காரணம் குரங்கா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் புகுந்த குரங்கு பெப்ரவரி 9ஆம் திகதி ஒரு ஞாயிற்றுக்கிழமை நாட்டையே இருட்டாக்கியது. அதற்குப் பிறகு எல்லாப் பழியும் அதன் தலையில். நேற்று வெறும் மரக்கிளை.

சரி, ட்ரிப் சுவிட்ச். "ஒரு ட்ரிப் சுவிட்ச் போட்டால் போதும்" என்கிற பேச்சை மலைநாடு முழுக்கக் கேட்கலாம். அது செய்கிற வேலை ஒன்றே ஒன்று. லைனில் போகிற கரண்ட்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்ட்டும் சமமா என்று பார்க்கும். இடையில் 30 மில்லிஆம்பியர் அளவுக்கு எங்கேயாவது ஒழுகினால், அது மண்ணுக்குள் ஆனாலும் ஒரு ஆளின் உடம்புக்குள் ஆனாலும், உடனே விழுந்து கரண்ட்டை வெட்டும். உயிரைக் காப்பாற்றுகிற சாமான், அதில் சந்தேகமில்லை.

ஆனால் ஒரு மெல்லிய வயரில் ஹீட்டரும் அயனும் ரைஸ் குக்கரும் சேர்த்துப் போட்டு 25 ஆம்பியர் இழுத்தால் அது அசையாது. போனதும் வந்ததும் சமம்தானே. வயர் சுவருக்குள் கொதிக்கும், ட்ரிப் சுவிட்ச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். வயரைக் காப்பாற்றுகிறது பிரேக்கர், அதுவும் வயரின் தடிப்புக்குப் பொருத்தமான பிரேக்கர். லைட்டுக்குப் போட்ட 1/1.13 வயரில், அதாவது 1 சதுர மில்லிமீட்டர் வயரில், 20 ஆம்பியர் பிரேக்கரை மாட்டினால் பிரேக்கர் விழுவதற்கு முன்னால் வயர் எரியும். பழைய வீடுகளில் பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியாகச் சுற்றி வைத்திருப்பார்களே, அதே கதைதான் இப்போது பிரேக்கரில் நடக்கிறது.

மார்ச் 4, இரவு

மூன்றாகப் பிரிக்கிறேன் என்றீர்களே, மூன்று பகுதிக்கும் சேர்த்து ஒரே ட்ரிப் சுவிட்ச் வேண்டாம். நடு வீட்டுக்காரனின் கேத்தல் ஒழுகினால் மூன்று வீடும் இருட்டு. யாருடைய சாமான் என்று சண்டை வரும். கடைசியில் இரவு பத்து மணிக்கு உங்களுக்குத்தான் கோல் வரும். பகுதிக்கு ஒரு சின்ன போர்ட், அதற்குள்ளேயே அவனவனுடைய ட்ரிப் சுவிட்ச், அவனவனுடைய பிரேக்கர்கள். விழுந்தால் அவனே எழும்பித் தூக்கிவிடுவான்.

மார்ச் 7

வெலிமடை டீச்சர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: "ட்ரிப் சுவிட்சில் டி (டெஸ்ட்) பட்டனை அமுக்கினால் விழுகிறது. அப்போ எர்த் சரிதானே?"

இல்லை மிஸ். அந்தப் பட்டன் சுவிட்சுக்குள்ளேயே ஒரு சின்ன ஒழுக்கை உண்டாக்கி, சுவிட்ச் விழுகிறதா என்று மட்டும் பார்க்கிறது. எர்த் கம்பியை அடியோடு வெட்டி எறிந்தாலும் பட்டனை அமுக்கினால் விழும். பட்டனை மாதத்துக்கு ஒருமுறை அமுக்குவது நல்லது. எர்த்தை வேறாகத்தான் சோதிக்க வேண்டும்.

இதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் மலைநாட்டில் ரொம்பப் பேர் ஏமாறுகிற இடம் இதுதான். நம் வீடுகளுக்கு எர்த் வயர் மின்சார சபைக் கம்பத்திலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தந்த முற்றத்தில் அடிக்கிற செம்புப் பூச்சுக் கம்பிதான் எர்த். கரைப் பக்கத்து ஈர மண்ணில் கம்பி சுலபமாக இறங்கும். இங்கே ஒரு முழம் இறங்கினதும் கல்லில் "டங்" என்று நிற்கும். பாஸ் என்ன செய்வார்? மிச்சத்தை வெட்டிவிட்டு மேலே சிமெந்துப் பெட்டி கட்டி மூடிவிடுவார். பார்க்க அழகாக இருக்கும்.

அந்தக் கம்பியின் தடை 100 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹீட்டரின் உடம்பில் லைன் வயர் முட்டினால் மண்ணுக்குள் போகக்கூடியது 2.3 ஆம்பியர். ஆறு ஆம்பியர் பிரேக்கர்கூட அதைக் கணக்கெடுக்காது. ஹீட்டரின் உடம்பு 230 வோல்ட்டில் அப்படியே நிற்கும், அடுத்து யார் தொடுகிறார்களோ அவருக்கு. இந்த ஊரில் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம் என்பதற்குக் காரணம் இதுதான். எர்த் மோசமாக இருந்தாலும் 30 மில்லிஆம்பியருக்கு அது விழுந்துவிடும். அதற்காக எர்த் எப்படியும் இருக்கலாம் என்றாகாது. ட்ரிப் சுவிட்ச் இறுகிப்போய் ஒட்டிக்கொள்கிற நாளும் உண்டு.

கல் தடுத்தால் வெட்டாதீர்கள். இடம் மாற்றி அடியுங்கள், சரிவாக அடியுங்கள், கம்பிகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி அடித்து ஒன்றாக இணையுங்கள். உடுப்புத் துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் ஓடுகிற பக்கமாக அடித்தால் மண் எப்போதும் ஈரமாக இருக்கும். அப்புறம் ஹட்டன்காரருக்கும் வெலிமடைக்காரருக்கும் ஒரு வித்தியாசம். எங்களுக்கு ஜூன், ஜூலையில் மழை கொட்டும். ஊவாப் பக்கம் அதே மாதங்களில் காற்றும் வறட்சியும். மழைக்காலத்தில் அளந்த எர்த் நல்ல எண் காட்டும், மண் காய்ந்ததும் ஏறிவிடும். அதனால் நீங்கள் ஆகஸ்டில் அளந்து பாருங்கள் மிஸ்.

மார்ச் 8

விட்டுப்போனது ஒன்று. பழைய வீடுகளிலும் பங்களாக்களிலும் எர்த்தை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். அந்தக் காலத்தில் அது நன்றாகவே வேலை செய்தது. பிறகு குழாய் துருப்பிடித்து, பிளம்பர் வந்து பி.வி.சி. குழாயாக மாற்றிவிட்டுப் போயிருப்பார். தண்ணீர் ஜோராக வரும், எர்த் போய்விட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. பண்டாரவளை அண்ணே, உங்கள் வீட்டில் முதலில் இதைத் தேடிப் பாருங்கள்.

மார்ச் 15

"உப்பும் கரியும் போட்டால் எர்த் சரியாகிவிடும்" என்று ஒருவர். போட்டால் கொஞ்ச நாளைக்கு எண் குறையும். நம்ம ஊர் மழையில் உப்பு எத்தனை நாள் நிற்கும் என்று நினைக்கிறீர்கள்? கம்பியும் சீக்கிரம் அரிக்கும்.

மார்ச் 22

தலவாக்கலையிலிருந்து ஒரு வயரிங் பாஸ் எழுதியிருக்கிறார். ஷவர் லைனைப் பற்றி நான் மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டேன் என்று கோபம். நியாயம்தான், விவரமாகவே சொல்கிறேன். 4.5 கிலோவாட் ஷவருக்குப் போர்டிலிருந்து தனி வயர், குறைந்தது 7/0.85, அதாவது 4 சதுர மில்லிமீட்டர். 5.5 என்றால் 7/1.04க்கு, அதாவது 6 சதுர மில்லிமீட்டருக்குப் போங்கள். இடையில் வேறு எதையும் எடுக்கக் கூடாது. நேராக டபுள் போல் சுவிட்ச் (லைனையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டுவது), அங்கிருந்து ஷவர். பதினைந்து ஆம்பியர் உருண்டை முள் பிளக்கில் ஷவரை மாட்டுகிற வேலையை நிறுத்துங்கள். வயரில் எஸ்.எல்.எஸ்., அதாவது இலங்கைத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சுருளைத் தூக்கிப் பார்த்தால் கைக்கே தெரியும், செம்பைக் குறைத்தது லேசாக இருக்கும்.

பாஸ் சொன்ன இன்னொன்றையும் சேர்க்கிறேன். சப்ளை. சாதாரண வீட்டுக்கு வருவது சிங்கிள் பேஸ் 30 ஆம்பியர், சுமார் 6.9 கிலோவாட். காலை ஆறு மணிக்கு மேல் வீட்டில் ஷவர் ஒன்று, கீழே இன்டக்‌ஷன் அடுப்பு இரண்டு என்று ஓடினால் 8.5 கிலோவாட். முடிந்தது கதை. 2021, 22இல் கேஸ் சிலிண்டர் வெடிக்கிற பயமும் பிறகு கேஸ் கிடைக்காத பாடும் வந்தபோது இன்டக்‌ஷன் அடுப்பு வாங்கினவர்கள் நிறைய. கேஸ் திரும்பி வந்தது, அடுப்பை யாரும் தூக்கிப் போடவில்லை. வாடகை வீட்டின் சுமை அந்த இரண்டு வருடத்தில் மாறிப்போனதைச் சொந்தக்காரர்கள் பலர் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

மார்ச் 23

மூன்று பகுதிக்கும் ஷவர் என்றால் த்ரீ பேஸுக்கு, அதாவது மூன்று லைன் வருகிற சப்ளைக்கு, எழுதிப் போடத்தான் வேண்டும். அதற்கொரு எச்சரிக்கை.

த்ரீ பேஸ் வீட்டில் ஆளுக்கு ஒரு பேஸ் கொடுத்துவிட்டு நியூட்ரலைப் பொதுவாக வைப்பார்கள். அந்த நியூட்ரல் எங்கேயாவது தளர்ந்து கழன்றால் பேஸுக்கும் பேஸுக்கும் நடுவில் இருக்கிற 400 வோல்ட் இரண்டு வீட்டுச் சாமான்களுக்கும் குறுக்கே விழும். ஹீட்டர் போட்டிருக்கிற வீட்டில் வோல்ட் இறங்கும். வெறும் டி.வி.யும் ரௌட்டரும் போட்டிருக்கிற வீட்டில் ஏறும், 300ஐத் தாண்டும். எந்தப் பிரேக்கரும் விழாது. ஒரு வீட்டில் பல்பு மங்கி, பக்கத்து வீட்டில் பளீரென்று எரிந்தால் யோசிக்காமல் மெயினை இறக்குங்கள். மீட்டருக்கு முன்னால் உள்ள பக்கம் என்றால் நாம் கைவைக்கக் கூடாது, சீலையும் தொடக் கூடாது, மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அழையுங்கள். நம் போர்டுக்குள் என்றால் நியூட்ரல் ஸ்குரூக்களை வருடத்துக்கு ஒருமுறை பாஸை வைத்து இறுக்கிக்கொள்ளுங்கள். இதற்குப் பெரிய சல்லி ஒன்றும் போகாது.

நிறமும் கவனம். பழைய முறையில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்புதான் நியூட்ரல். புதிய முறையில் நீலம் நியூட்ரல். பழைய வீட்டோடு புதிதாக ஒரு அறையை ஒட்டிக் கட்டினால் இரண்டு நீலமும் ஒரே பெட்டிக்குள் சந்திக்கும். நிறத்தை நம்பி இணைக்கிற பாஸை வீட்டுக்குள் விடாதீர்கள்.

ஏப்ரல் 6

இப்போது எல்லாரும் நுவரெலியா சீசன் வாடகை பற்றியே பேசுகிறார்கள். கொழும்பிலிருந்து வருகிற குடும்பம் ஒன்று இரண்டாயிரம் வாட் ஹீட்டரைக் கையோடு கொண்டுவந்து மல்டி பிளக்கில் மாட்டியதாம். மல்டி பிளக் இளகிப் போனதாம். வீட்டுக்காரர் யாரிடம் கேட்பது என்று கேட்கிறார். யாரிடமும் கேட்க முடியாது அண்ணே. குளிர் ஊரில் அறையை வாடகைக்கு விட்டு, கட்டில் பக்கத்தில் ஒரே ஒரு பிளக் பொயின்ட் வைத்தால் மல்டி பிளக் வரத்தான் செய்யும். பொயின்ட்டைக் கூட்டுங்கள்.

சதுர முள் பிளக் பொயின்ட்டில் மேல் ஓட்டைக்குள் பேனா மூடியைக் குத்தி, உருண்டை முள் சார்ஜரைத் திணிக்கிற பழக்கமும் இருக்கிறதே. அந்த மேல் ஓட்டை எர்த்துக்கு. எர்த் முள் உள்ளே போனால்தான் மற்ற இரண்டு கதவும் திறக்கும், அந்தப் பாதுகாப்பைத்தான் பேனாவால் ஏமாற்றுகிறோம். நாட்டின் தரம் 13 ஆம்பியர் சதுர முள் என்று வைத்தாயிற்று, ஆனால் வெளிநாட்டிலிருந்து வருகிற சாமான் நிற்கவில்லை. நான் போர்டிங் அறைகளில் அறைக்கொரு நல்ல அடப்டர் வாங்கி மேசை லாச்சியில் போட்டிருக்கிறேன். சிலது காணாமல் போகும், போகட்டும்.

ஏப்ரல் 7

பிளக் பொயின்ட் மாற்றுகிறவர்களுக்கு: முன்பக்கம் பார்த்தால் வலது பக்க ஓட்டைதான் லைன். அந்த ஓட்டையைச் சுற்றிப் பிளாஸ்டிக் தேயிலைச் சாயம் பிடித்த மாதிரி பழுப்பேறியிருந்தால் உள்ளே ஸ்குரூ தளர்ந்து சூடாகியிருக்கிறது என்று அர்த்தம். பொயின்ட்டை மட்டும் மாற்றினால் திரும்ப அதே நிறம் வரும். கருகின வயர் நுனியைப் பளபளக்கிற செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு மாட்ட வேண்டும். வெட்டினால் வயர் குட்டையாகிவிடும், எட்டாது, அதனாலேயே பாஸ்மார் வெட்டுவதில்லை.

ஏப்ரல் 27

மாடியில் காலையில் மட்டும் ட்ரிப் விழுகிறது. டீச்சர்மார் ஸ்கூலுக்குக் கிளம்புகிற நேரம். ஒருநாள் விழும், இரண்டு நாள் விழாது, மழை பெய்தால் கட்டாயம் விழும். நான் வழமையாகக் கூப்பிடுகிற பாஸ் ஊரில் இல்லை. வேறொருவர் வந்து, எல்லாப் பிரேக்கரையும் இறக்கிவிட்டு ட்ரிப் சுவிட்சைத் தூக்கினார். நின்றது. போய் டீ குடித்துவிட்டு வந்தோம், விழுந்து கிடந்தது. "பிரேக்கர் எல்லாம் ஓப், அப்படியும் விழுதே. சுவிட்ச்தான் பழுது, அதை விட்டுட்டு நேராகக் கொடுத்துடுவோமா சேர்?" என்றார்.

வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். யாராவது சொல்லுங்கள்.

ஏப்ரல் 28

தலவாக்கலை பாஸ் போனிலேயே சொல்லிவிட்டார், மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன். நம் போர்டில் உள்ள சாதாரண பிரேக்கர் லைனை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் எல்லாம் ஒரே பித்தளைப் பட்டையில் இணைந்தே கிடக்கும். எங்கேயாவது நியூட்ரல் வயர் ஈரச் சுவரையோ எர்த்தையோ தொட்டுக்கொண்டிருந்தால், பிரேக்கரை இறக்கினாலும் அந்தத் தொடுப்பு அப்படியேதான் இருக்கும். சும்மா இருக்கும்போது நியூட்ரலுக்கும் மண்ணுக்கும் இடையில் வோல்ட் இல்லாததால் ஒன்றும் தெரியாது. காலையில் ஊரே ஹீட்டரும் ரைஸ் குக்கரும் போடும்போது கம்பத்து நியூட்ரலிலேயே ஓரிரண்டு வோல்ட் ஏறும். அது போதும், தொடுப்பு வழியாக மண்ணுக்குள் கசியும், சுவிட்ச் விழும். நம் வீட்டில் எல்லாம் ஓப்பாக இருந்தாலும் அடுத்த வீட்டுக்காரனின் கேத்தலால் நம் ட்ரிப் விழலாம்!

மெயினை இறக்கிவிட்டு, பட்டையிலிருந்து நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மெகரில் எர்த்தோடு அளந்தோம். (மெகர் என்பது வயரின் உறை கசிகிறதா என்று அளக்கிற கருவி, எண் கூடக் கூட உறை நல்லது.) நான்காவது வயர் பூச்சியம் காட்டியது. வெளி வாசல் லைட். உருண்டைக் கண்ணாடி மூடிக்குள் அரைவாசி தண்ணீர், ஹோல்டருக்குப் பின்னால் சிற்றெறும்புக் கூடு, பச்சைக் களிம்பு பிடித்த ஸ்குரூவில் நியூட்ரல் வயரின் தோல் போய் இரும்புப் பெட்டியில் சாய்ந்திருந்தது. மூடியின் ரப்பர் வளையம் எப்போதோ காய்ந்து உடைந்துபோயிருக்கிறது. மூடுபனி நுழைய அவ்வளவு இடம் போதும்.

மூடிக்குக் கீழ்ப்பக்கமாக ஒரு சின்ன ஓட்டை போடச் சொன்னார், தண்ணீர் வடிவதற்கு. மேலே போடாதீர்கள்.

சுவிட்ச் பழுது என்று சொல்லி நேராகக் கொடுத்த வீடுகள் எத்தனை இருக்குமோ. வீடு வாங்குகிறவர்கள் போர்டைத் திறந்து ட்ரிப் சுவிட்சின் இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே ஏதாவது வயர் பாலம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாலம் இருந்தால் டி பட்டனை அமுக்கி விழ வைத்தாலும் வீட்டில் லைட் எரிந்துகொண்டே இருக்கும்.

மே 11

பண்டாரவளை அண்ணன் மெகர் வைத்து அளந்து எண்களைப் போட்டிருக்கிறார். லைட் வயர்கள் 500 வோல்ட்டில் பல மெகாஓம் காட்டுகின்றன, பிளக் வயர்களில் இரண்டு மட்டும் அரை மெகாஓமுக்குக் கீழே. இதைப் பார்த்த பிறகு மார்ச்சில் இருந்த என் எண்ணம் கொஞ்சம் இளகியிருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றுவதில் நானும் பாஸ் பக்கம்தான் இருந்தேன். ஒரு மெகாஓமுக்கு மேல் காட்டுகிற பி.வி.சி. வயர், அதில் எர்த்தும் போகிறது, லைட்டுக்கு மட்டும்தான் பாவிக்கப் போகிறோம் என்றால் விட்டுவிடலாம். எல்.இ.டி. பல்புக்கு அது போதும் போதும். ஆறு ஆம்பியர் பிரேக்கரைப் போட்டு, அதிலிருந்து யாரும் பிளக் எடுக்க முடியாதபடி அடைத்துவிடுங்கள். மிச்சப்படுகிற சல்லியை ஷவர் லைன், சமையலறை, எர்த் மூன்றிலும் போடுங்கள்.

ரப்பர் உறை வயர், மரச்சட்டத்தில் ஓடுகிறது என்றால் இந்தச் சலுகை இல்லை. பழைய பங்களாக்களில் இன்னும் கிடக்கிறது. தொடாதவரைக்கும் நன்றாக இருக்கிற மாதிரித் தெரியும். பல்பு மாற்ற ஹோல்டரை ஆட்டினால் உறை பொலபொலவென்று உதிரும்.

மே 12

கூரையை மறந்துவிடாதீர்கள். தகரக் கூரைக்குக் கீழே சீலிங்குக்கு மேல் வயர் எப்படி ஓடுகிறது என்று ஏறிப் பாருங்கள். தகரத்தின் வெட்டு விளிம்பில் வயர் உரசிக்கொண்டிருந்தால், காற்று அடிக்கிற ஒவ்வொரு தடவையும் தோல் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். பிறகு கூரையே லைன். கூரைச் சட்டத்திலிருந்து உடுப்புக் காயப்போடும் கம்பியை இழுத்துக் கட்டியிருப்பார்கள், ஈர உடுப்போடு வருகிறவரின் கைக்குத்தான் முதலில் தெரியும். வயரைக் குழாய்க்குள் போட்டு, கொடிக்கு நைலோன் கயிறு கட்டிக்கொடுங்கள். என் வீட்டில் இரும்புக் கம்பிக் கொடியே கிடையாது. வாடகைக்காரர் கட்டினாலும் அவிழ்த்துவிடுவேன், இதில் மட்டும் பிடிவாதம்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் பிடிக்கிற தீ பற்றிய செய்திகளில் "மின் ஒழுக்கு" என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். ஒரே நீளக் கூரை, அறைக்கு அறை தடுப்பு மேலே வரை போவதில்லை, ஒரு மூலையில் பிடித்தால் வரிசை முழுக்க ஓடும். ஒரு வீட்டை மூன்றாகப் பிரிக்கிறவர்கள் தடுப்புச் சுவரைக் கூரைவரைக்கும் எழுப்புங்கள். இது வயரிங் இல்லைதான், ஆனாலும் வயர் இழுக்கும்போதே செய்யக்கூடிய வேலை.

ஜூன் 8

கரண்ட் பில் பஞ்சாயத்துக்கு வருவோம், இத்தனை பேர் கேட்ட பிறகு தப்ப முடியாது. ஒரே மீட்டரில் மூன்று குடும்பம். தலைக்கு 50 யூனிட். தனித்தனி மீட்டராக இருந்தால் மூன்றும் 60க்குக் கீழே, மலிவு விலைப் படி. ஒரே மீட்டரில் 150, மேல் படிக்கு ஏறிவிடும், நிலையான கட்டணமும் கூடும். மூன்று பேரும் சிக்கனமாக இருந்தும் மூன்று பேருக்கும் நட்டம். 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கூட்டின பிறகு இது சும்மா சில்லறை விஷயமாக இல்லை. வாடகையைவிட பில்லுக்காகவே ஆட்கள் வீடு மாறுகிறார்கள்.

தனி வாசலும் தனி வீட்டிலக்கமும் எடுக்க முடிந்தால் தனி மீட்டருக்கு எழுதிப் போடுங்கள். முடியாவிட்டால் உள்ளே சப் மீட்டர். மொத்தப் பில்லை யூனிட் விகிதத்தில் பிரித்து, பில்லின் படத்தையும் சப் மீட்டரின் படத்தையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாயும் வைக்காதீர்கள், வைத்தது எப்படியோ தெரிந்துவிடும். வாசல் லைட்டும் தண்ணீர் மோட்டரும் உங்கள் கணக்கு. நான் அதை வாடகைக்குள் சேர்த்துவிட்டேன், பேச்சே வருவதில்லை.

கணக்கு உங்கள் பெயரில் என்றால் அவன் கட்டாமல் போன பில்லும் உங்கள் பெயரில். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கிற நாளில் மீட்டரைப் படம் எடுத்துக்கொண்டு கடைசி பில் வரும்வரை ஒரு தொகையைப் பிடித்து வையுங்கள் என்று நொத்தாரிசிடம் எழுதுகிற உடன்படிக்கையிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஜூன் 9

சோலார் போட்டால் எல்லாம் தீருமே என்று ஒருவர். ஹட்டன் ஜூலைக்கு வந்து பார்த்துவிட்டு எழுதுங்கள் தம்பி.

ஜூன் 29

பண்டாரவளை அண்ணனின் கடைசிக் கேள்வி: வாடகைக்காரரே ஷவர் வாங்கி மாட்டிக்கொள்கிறேன் என்கிறார், விடலாமா?

ஷவரை அவர் வாங்கட்டும், போகும்போது கழற்றிக்கொண்டு போகட்டும். வயரும் பிரேக்கரும் சுவிட்சும் உங்களுடையதாக இருக்க வேண்டும், உங்கள் பாஸ் போட்டதாக இருக்க வேண்டும். எத்தனை கிலோவாட்டுக்குப் போட்ட லைன் என்று சுவிட்சுக்குப் பக்கத்தில் மார்க்கரால் எழுதி வையுங்கள், அடுத்து வருகிறவன் 5.5ஐக் கொண்டுவந்து மாட்டாமல் இருப்பான். போர்டின் கதவுக்குள்ளும் எந்தப் பிரேக்கர் எந்த அறைக்கு என்று ஒரு தாள் ஒட்டுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள், வருகிற பாஸ் யாராக இருந்தாலும் படிக்கட்டும். வேலை முடிந்ததும் மெகர் எண்ணையும் எர்த் எண்ணையும் திகதியோடு அந்தத் தாளிலேயே குறிக்கச் சொல்லுங்கள். குறிக்க மாட்டேன் என்கிற பாஸ் அளந்திருக்க மாட்டார், மிச்சக் கூலியைக் கொடுக்கிறதுக்கு முன்னால் அளக்கச் சொல்லுங்கள்.